இரண்டாவது திறப்பு

பத்தொன்பது வருஷமாய் இந்த மேசையில்
விண்ணப்பம் வாங்குகிறேன்.
யன்னலுக்கு அப்பால் உள்துறைமுகம்.
கப்பல் வரும், போகும்.
நான் பெயர்களுக்கு நேரே சரி போடுவேன்.

தையலுக்கு ரோசாப் படிவம்.
கேக் அலங்காரத்துக்கும் அதே ரோசா.
வயரிங், வெல்டிங், படகு எஞ்சின் திருத்தல்,
எல்லாம் நீலம்.
எந்தச் சுற்றறிக்கையிலும்
யாருக்கு எந்த நிறம் என்று இல்லை.
கைக்குத் தெரிந்திருந்தது.

மாசியில் ஒரு நாள்
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்சில் வந்து
கதவு திறக்கக் காத்திருந்தாள் ஜெசீமா.
அபாயாவின் கைநுனியில் கிறீஸ்.
ரோசாவை நீட்டினேன்.
"நீலம்" என்றாள்.
"ஆருக்கு? தம்பிக்கோ?"
"எனக்குத்தான்."

"எஞ்சின் தெரியுமோ?"
கேட்டபிறகுதான் உறைத்தது,
ஒரு பெடியனிடமும் நான் இதைக் கேட்டதில்லை.
தெரியாதவர்களுக்குத்தானே வகுப்பு.

அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.
"பதினைஞ்சு குதிரை, மண்ணெண்ணெய்.
காபரேற்றர் அடைச்சாக் கழட்டிக் கழுவுவன்.
கியர்ப் பெட்டிதான் பிடிபடல்ல.
அதுக்குத்தான் வந்த."

இருபது இடம்.
வந்தது பதினான்கு விண்ணப்பம்.
வருஷா வருஷம் ஆறு கதிரை
தூசிக்குப் பயிற்சி கொடுக்கும்.

"எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை"
என்றார் பொறுப்பதிகாரி.
அதற்கு அடுத்த சொல்லை
அவர் வாய் திறக்கமுன்னம் நான் அறிவேன்.
"ஆனால், பட்டறைப் பக்கம்
பெண்களுக்கு மலசலகூடம் இல்லையே.
வாற வருஷ மதிப்பீட்டில் போட்டிருக்கு."

போன வருஷமும் போட்டிருந்தது.
அதற்கு முந்தின வருஷமும்.
கடிதம் அடித்தது நான்.

என் லாச்சிக்குள் கிடக்கிறது
உத்தியோகத்தர் மலசலகூடத் திறப்பு,
மரத்துண்டொன்று கட்டியபடி.
பட்டறைக்கும் அதற்கும்
நாற்பது எட்டு. எண்ணிப் பார்த்தேன்.

எனக்கும் ஒருகாலம் வயரிங் பழக ஆசை.
"தட்டச்சு பழகு பிள்ளை,
நிழலில் இருந்து வேலை செய்யலாம்" என்றார்கள்.
பொய் சொல்லவில்லை.
நிழலில்தான் இருக்கிறேன்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல்
கடைத்தெருவுக்கு நடந்தேன்.
பஸ் நிலையத்தில் மான்கள் இரண்டு
மட்டைப் பெட்டியொன்றைத் தின்றுகொண்டிருந்தன.
யாரும் அவற்றிடம்
இங்கே என்ன வேலை என்று கேட்பதில்லை.

"வீட்டுத் திறப்போ அக்கா?"
"கந்தோர்."
அரம் கீச்சிட்டது.
பித்தளைத் தூள் என் செருப்பில்.
இருநூற்றைம்பது ரூபாய்.
பற்றுச்சீட்டு வாங்கவில்லை.

பெயர்ப் பட்டியலைத் திரும்ப அடித்தேன்.
பதினைந்து பெயர்.
பொறுப்பதிகாரியிடம் இரண்டு திறப்பையும் காட்டினேன்.
நெடுநேரம் கடலைப் பார்த்தார்.
பிறகு கையெழுத்து வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.
ஆறு மாதத்தில் சான்றிதழ் எடுத்தாள்.
கியர்ப் பெட்டி பிடிபட்டது.
கொட்பேப் பக்கம் மூன்று பட்டறை ஏறி இறங்கினாள்.
மூன்றும் "பாப்பம்" என்றன.
"பாப்பம்" என்ற வேலைக்குச் சம்பளம் இல்லை.
இப்போது கிண்ணியாக் கரையில்
தகரக் கூரையொன்றின் கீழ் தானே திருத்துகிறாள்.
சில சம்மாட்டிகள்
இருட்டினபிறகு எஞ்சின் கொண்டுவருகிறார்களாம்,
மற்றவர்கள் பார்க்காமல்.
காசு மட்டும் பகல் காசு, என்று சிரித்தாள் போனில்.

நேற்று சாம்பல்தீவிலிருந்து இரண்டு பேர்,
புவிலோஜினியும் அவள் மச்சாளும்.
இடுப்பில் கைக்குழந்தை.
"நீலப் படிவம் தாங்கோ.
திறப்பு உங்களிட்ட இருக்கெண்டு
ஜெசீமா சொன்னவ."

இன்று திரும்பவும்
மதிப்பீட்டுக் கடிதம் அடிக்கத் தந்தார்.
அவர் சொன்னதெல்லாம் அடித்தேன்.
அடியில், அவர் சொல்லாத ஒரு வரி:
"தற்சமயம் காத்திருப்போர்: இருவர், ஒரு குழந்தை."

வாசிக்காமலே ஒப்பமிட்டார்.