காலிக் கட்டம்

நண்பகலில் குச்சி நட்டோம், ஒரு மீட்டர்.
வார்தோவில் டிசம்பர்: வானில் கொஞ்சம் நீலம்,
சூரியன் இல்லை.

மாலை ஆறுக்கு மறுபடி வகுப்பு;
பூமியின் மறுகோடியில் அப்போதுதான் உச்சி.
திரையில் இருவருக்கும் ஒரே அட்டவணை.
புந்தா அரேனாஸில் மகரேனா
காற்றில் சாயும் குச்சிக்கு
முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே
'அறுபது' என்று தட்டுகிறாள்.
எங்கள் கட்டத்தில்
இங்வில் பூஜ்யம் போட்டாள்.

"பூஜ்யம் என்றால் வெயில் தலைக்கு நேரே,"
என்றார் இயற்பியல் ஆசிரியர் ஸ்திக். "அழி."

மகரேனாவிடமிருந்து வந்தது:
"உங்கள் நிழல் எங்கே?"
பதினோரு பேர். யாரும் தட்டவில்லை.
பிறகு இங்வில்:
"அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.
குச்சி போதவில்லை."

அங்கே மூன்று புள்ளிகள்
துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன.
வாசலில் காவலாளி
சாவிக்கொத்தைக் குலுக்கினார்.