களம் விரிக்கும் நேரம்

அயோத்தியாப்பட்டணம். காலை ஐந்தே முக்கால்.
வறுத்து இறக்கிய ஈர ஜவ்வரிசி,
எண்பது மூட்டைக்கு வரும்,
தகரக் கொட்டகையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.
வெளியே ஒன்றரை ஏக்கர் சிமெண்டுக் களம்
துடைத்த சிலேட்டு மாதிரி.

விரிக்கவா, வேண்டாமா?

பதினோரு வருடமாகத் தினமும் இதே கேள்வி.
என் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்கிறார் வங்கி மேலாளர்.
அவருக்குத் தெரியாது,
"விரிங்க" என்று நான் சொல்லும் ஒரு சொல்லின் விலை
ஏறக்குறைய மூன்று லட்சம்.

செல்போன் நாற்பது சதவீதம் மழை என்கிறது.
நாற்பது சதவீதம் நனைந்த களத்தை
நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் இதே மாதிரி ஒரு விடியல்.
சேர்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது,
உச்சி டவரின் சிவப்பு விளக்குகூட.
"விரிங்க" என்றேன்.
மாதையன் தலையாட்டினார். எதற்கும் ஆட்டுவார்.
சொட்டு விழவில்லை.
சாயங்காலம் முத்து முத்தாக அள்ளினோம்.
பக்கத்து மில் கந்தப்பன் போன் செய்து
"உங்களுக்கு மட்டும் மழை சொல்லிட்டுத்தாங்க வருது" என்றார்.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது,
அன்று வாழப்பாடியில் முழங்கால் தண்ணீர்.
காரிப்பட்டி வரை வந்த மழை
என்ன நினைத்ததோ, திரும்பிப் போயிருக்கிறது.
நான் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றேன்,
அது கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.
கெட்டிக்காரத்தனம் என்று நான் எடுத்து வைத்திருந்தது
ஒரு மேகத்தின் மனமாற்றம்.

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு.
உரக்கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி.
விரிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்:
என்ன முடிவு, எதைப் பார்த்து, எதைப் பார்க்காமல்.
சாயங்காலம் எழுதினால் பேனா
ஜெயித்த பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இன்று இந்தூர்க்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.
ஏகாதசிக்கு முன்னால் லோடு இறங்க வேண்டுமாம்.
அவசரம் அவருடையது.
அதை என் களத்தில் காயவைக்கப் பார்க்கிறார்.

மாதையனிடம் "விரிக்கலாமா" என்று கேட்கவில்லை.
கேட்டால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்,
வானத்தைப் பார்த்து இல்லை.
அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
ஒரு தடவை வேண்டாமென்று சொன்னவரைப் பார்த்து
எல்லோர் முன்னாலும் சிரித்தவள் நான்.

பலகை தள்ளும் பெண்கள் டீ குடிக்கும் இடத்துக்குப் போய்
வேறு மாதிரி கேட்டேன்.
"மத்தியானம் மழை வந்து எல்லாம் பாழாப் போச்சுன்னு வெச்சுக்கங்க.
எதைக் கவனிக்காம விட்டிருப்போம்?"

கொஞ்ச நேரம் டீ ஊதும் சத்தம்தான்.
பிறகு சித்தம்மா, டம்ளரைக் கீழே வைக்காமலே,
"விடிகாலைல கோதுமலைப் பக்கம் மின்னுச்சுங்க, சத்தமில்லாம.
நீங்க கேக்கலை. நாங்க சொல்லலை."

பதினோரு வருடம்.

முப்பது மூட்டை மட்டும் விரித்தோம்,
கொட்டகையை ஒட்டி,
கால்மணி நேரத்தில் வாரிவிடும் தூரத்தில்.
மிச்சத்தை உள்ளேயே பரப்பி ஃபேனைப் போட்டோம்.
நோட்டில் எழுதினேன். நேரம் குறித்தேன்.

மழை வரவில்லை.

மண்டையைப் பிளக்கும் வெயில்.
கந்தப்பன் களம் முழுக்க வெள்ளை,
இங்கிருந்து பார்த்தால் உப்பளம் மாதிரி.
உள்ளே கிடந்த ஐம்பதில் பாதி நிறம் மங்கிவிட்டது,
ஏலத்தில் மூட்டைக்கு இருநூறாவது இறங்கும்.
இந்தூர்க்காரர் லோடை அங்கே பேசி முடித்துவிட்டார்.
மாதையன் என்னைப் பார்க்காமல் சாக்கு மடித்தார்.

இரவு நோட்டைத் திறந்து
காலையில் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்,
அடிப்பதற்கு ஒரு வரி தேடி.
கிடைக்கவில்லை.
நஷ்டம் என்று எழுதித் தொகையைப் போட்டேன்.
அதன் கீழே, முடிவு சரி.
கை கொஞ்சம் நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

விளக்கை அணைக்கும்போது கிழக்கே ஒரு வெளிச்சம்.
மின்னலா, ஆத்தூர் ரோட்டில் திரும்பிய லாரியா,
தெரியவில்லை.
காலையில் சித்தம்மாவைக் கேட்க வேண்டும்.