பன்னிரண்டு எம்.எம்.

மரப்பாலத்தில் மண் சரிந்துவிட்டது.
மேட்டுப்பாளையத்தில் வாங்கிய புது பிட்டுகள்
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்
லாரியோடு நிற்கின்றன,
தார்ப்பாய்க்குக் கீழே, அட்டைப்பெட்டியில், எண்ணெய் மணத்தோடு.

கட்டபெட்டில் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
பன்னிரண்டு எம்.எம்.
நுனி நீலம் பாய்ந்தது.
பகல் ஷிஃப்டில் பெள்ளன்
இரும்பை மிரட்டி வேலை வாங்கப் பார்த்திருக்கிறான்.

ஓட்டையைக் காட்டுங்கள், ஆளைச் சொல்கிறேன்.
ஒரு உதடு நீண்டு ஒரு உதடு குட்டையானால்
பன்னிரண்டு கேட்ட இடத்தில் பன்னிரண்டரை வரும்,
போல்ட் உள்ளே தலையாட்டிக்கொண்டிருக்கும்.
இந்த ஃபேக்டரியில் தலையாட்டாத போல்ட் குறைவு.

ரோலரின் பிராக்கெட் பிளந்து கிடக்கிறது.
புதுப் பிளேட்டில் நாலு ஓட்டை வேண்டும்.
மாடியில் இரண்டாயிரம் கிலோ கொழுந்து
காலையிலிருந்து வாடுகிறது,
நள்ளிரவு தாண்டினால் புளிக்கும்.
ஜோகி சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார்,
பிறகு என்னை,
பிறகு மறுபடி கடிகாரத்தை.
"தவமலர், அழுத்திப் போட்டா எறங்கிடும்மா."

சாணையைப் போட்டேன்.
கல் கடிக்கவில்லை, வழுக்கியது.
யாரோ அதில் அலுமினியம் தேய்த்திருக்கிறார்கள்.
கண்ணாடிபோல மினுங்குகிற கல்
அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு.
கார்பரண்டம் துண்டை எடுத்துக்
கல்லின் முகத்தை முதலில் சொரசொரப்பாக்கினேன்.
தூசி பறந்தது. ஜோகி இருமினார்.
"பிட்டுக்குச் சாணை புடிக்கச் சொன்னா
கல்லுக்குப் புடிக்கறே."

நீலம் போகும்வரை தேய்த்தேன்.
ஹைஸ்பீடு எஃகின் பொறி நீளாது;
செம்மண் நிறத்தில் குட்டையாக விழும், அவ்வளவுதான்.
விரல் சுட்டதும் நிறுத்தினேன்.
தண்ணீரில் முக்கக் கூடாது,
கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும்.
ஜன்னலைத் திறந்து
மூடுபனிக்குள் நீட்டிப் பிடித்தேன்.
இந்த மலையில் அதற்குத் தனிச் செலவில்லை.

இந்தப் பக்கம் மூன்று தொடுகை.
திருப்பி, அந்தப் பக்கம் மூன்று.
தொட்டபடியே வாலைக் கீழே இறக்க வேண்டும்,
உதட்டுக்குப் பின்னால் சதை கொஞ்சம் சரிய வேண்டும்.
சரியாவிட்டால் பிட் உரசும், கத்தும்,
சூடாகும், நீலமாகும்.
வெட்ட மட்டும் வெட்டாது.
பெள்ளன் விட்ட இடம் அதுதான்.

கோணமானி தொலைந்து இரண்டு வருஷம்.
பையிலிருந்து ஒரே அளவில் இரண்டு அறுகோண நட்டு எடுத்து
பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தேன்.
நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு,
மேலிருந்து பார்த்தால் கேத்தி மாதிரி.
அதில் நுனியை இறக்கி
டார்ச்சுக்கு எதிரே பிடித்தேன்.
வலது உதட்டின் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம்.
இன்னொரு தொடுகை.
வெளிச்சம் போகவில்லை.
அரைத் தொடுகை, மூச்சை அடக்கி.
போயிற்று.

முதல் ஓட்டை.
நான் கைப்பிடியில் சாயவே இல்லை.
சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட
பிட்டின் இரண்டு பள்ளங்களிலிருந்தும்
இரண்டு சுருள் ஏறி வந்தன,
ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல்,
ஒரே தடிமனில், முழ நீளத்துக்கு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூன்றாவதில் ஒரு பக்கச் சுருள் ஒடிந்து
தூளாக விழத் தொடங்கியது.
எடுத்தேன், ஒரு தொடுகை, ஜன்னல், பனி.
நாலாவதும் இறங்கியது.

பதினொன்று நாற்பதுக்கு ரோலர் சுற்றியது.
பச்சை வாசனை
படிக்கட்டில் இறங்கி வந்தது.

ஜோகி குனிந்து, தட்டில் கிடந்த
கடைசிச் சுருளைக் கையில் எடுத்தார்,
"தங்கச்சங்கிலி மாதிரி இருக்கே" என்றவர்
மறு நொடி "ஐயோ" என்று உதறினார்.

சூடு என்று சொல்லியிருக்கலாம்.
நான் அப்போது
நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.