தன்

கொக்குவில் ஸ்டேஷனுக்குப் பின்னால்
மருந்துக்கடை மாடி. இரண்டு கதிரை, ஒரு யூபிஎஸ்.
நாங்கள் செய்கிற குட்டி மொழியில்
ஒவ்வொன்றும் வாசலிலேயே நின்று
தான் ஆரென்று சொல்லவேண்டும்:

செயல் முறை கூட்டு(தன், தொகை)
செயல் முறை கழி(தன், தொகை)
செயல் முறை மூடு(தன்)

"ஏன் இந்தத் தன்?" எண்டாள் கம்சாயினி.
"வகுப்புக்குள்ளைதானே நிக்குது.
றோட்டுக்கு றோட்டு மறிச்சு
ஆர் நீ எண்டு கேட்ட காலம் போட்டுது."

பிழை வந்தால் ஆரைப் பிடிக்கிறது எண்டேன்.
எல்லாம் வெளிச்சமாய் இருக்கவேணும் எண்டேன்.
மழை விட்டிருந்தது. ஹெல்மெட்டை எடுத்தாள்,
படியில் நின்று "வாறன்" எண்டாள்.

வாறன்.
அதில் நான் இல்லை.
கடைசி ன் மட்டும்
ஆளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறது.

இரவு ஒன்றரைக்குப் பார்சரைத் திறந்தேன்.
தன் போனது. பிறகு முறையும் போனது:
வகுப்புக்குள் நின்றால் முறை, வெளியே நின்றால் செயல்,
இடமே சொல்லட்டும்.

செயல் கூட்டு(தொகை)
செயல் மூடு

வெறும் அடைப்புக்குறியைக்கூட விடவில்லை.

பழைய கோப்புகளில் நாநூற்றுப் பன்னிரண்டு பிழை.
அழித்துக்கொண்டே போக,
ஒரு செயலுக்குள் பிறந்த இன்னொரு செயல்
எந்தத் தன், ஆற்றை தன் எண்டு தெரியாமல்
முழிச்சுக்கொண்டு நிண்டது.
அதுக்கு மட்டும் எழுதிக் குடுத்தேன்.

விடிய அவளுக்கு ஒரு மெசேஜ்:
"எடுத்தாச்சு. ஒண்டு மிச்சம்."
கீழே பெயர் போடவில்லை.