ஒன்றரை டிகிரி

மரீன்யா கிராண்டியில் மழை.
அச்சுப் பட்டறை முழுக்க எண்ணெய் வாடை.
லிஸ்பனிலிருந்து நாங்கள் கொண்டுபோன வாளிக்குச்
செங்குத்துச் சுவர்கள்;
போட்டியில் அதற்குத்தான் பரிசே.

"வெளியே வராது" என்றாள் ஸுல்மீரா,
வரைபடத்தை முழுதாய் விரிக்குமுன்.
வரவில்லைதான்.
முதல் வாளியை எஃகு விடவே இல்லை;
தட்டித் தட்டித் துண்டுகளாய்ப் பிடுங்கினோம்.

ஒன்றரை டிகிரி சாய்க்கச் சொன்னாள்.
இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தேன்.
பிறகு சாய்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போனால்,
இடம் போதாமல்
ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி வைத்திருக்கிறான்
இரவுப்பணி துவார்த்தே:
நாற்பது வாளி, ஓர் ஆள் உயரம்.
நான் வரையாதது. அவளும் கேட்காதது.

ஸுல்மீரா அந்தத் தூணை ஒருமுறை சுற்றி வந்தாள்.
"காதுதான் இடிக்கிறது.
அந்தப் பென்சிலை இப்படிக் கொடு."