ஆறு மீற்றர்

மூதூர் தாண்டி, ஈச்சிலம்பற்று தாண்டி,
தார் முடிந்த இடத்தையும் தாண்டி
நஸ்மி வானை நிறுத்தியபோது
பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன்.
அதுக்குள்ளதான் நிக்கிறம் என்றான்.

வேலியில்லை. பதினேழு பிள்ளைகள்.
டீச்சர்மார் இருவரில் ஒருவர்
களப்பில் தோணி ஓடாததால் வரவில்லை.

எனக்கு ஆறு மீற்றர் வேண்டும்.
வகுப்பறை நாலரையிலேயே சுவரில் முட்டியது.
வெளியே பாலை மரத்தில் அட்டையைக் கட்டி
நாடாவை இழுத்துக்கொண்டு பின்னுக்கு நடந்தேன்.
கோடு கீறக் கீற மணல் மூடிக்கொண்டது.
ஒரு பொச்சுமட்டையை வைத்து
இதில நில்லுங்கோ என்றேன்.

அட்டையில் இருப்பது எழுத்தில்லை,
மூன்று பல் சீப்பு.
பல் எந்தப் பக்கம், கையால் காட்டு.
இடம் வலம் என்று நான் சொல்லிக்கொடுத்ததை
முதல் பிள்ளையே விட்டுவிட்டாள்.
கடல், என்றாள். காடு. வானம். மண்.
அதன்பிறகு எல்லோருக்கும் அதுதான்.
நானும் படிவத்தின் ஓரத்தில்
க, கா என்று குறிக்கத் தொடங்கினேன்.

பவிலோஜன் பதினொராவதாக வந்தான்.
வகுப்பில் உயரம், ஆகவே கடைசி வாங்கு.
கடல் வானம் காடு மண் காடு,
அடி வரி வரைக்கும் பிசகில்லை.
என்ன, என் குச்சி போய்ச் சேருமுன்பே
பதில் வந்து நின்றது.

அட்டையைத் தலைகீழாகக் கட்டினேன்.
கடல் வானம் காடு மண் காடு, என்றான்
அதே ராகத்தில்.
வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் விட்டார்கள்.

பத்துப் பேர் சொன்னதைக் கேட்டே பாடமாக்கியிருக்கிறான்.
கரும்பலகையும் அவனுக்கு அப்படித்தானாம்:
சுண்ணக்கட்டி ஒருமுறை கீச்சிட்டால் கழித்தல்,
இருமுறை என்றால் கூட்டல்.
தேர்ச்சி அறிக்கையில் மூன்று தவணைக்கும்
‘கவனம் போதாது’ என்று இருந்தது.
டீச்சர் அதை என்னிடம் நீட்டினார்,
பிறகு தானே வாங்கி மடித்துக்கொண்டார்.

பரிசோதனைச் சட்டகத்தை அவன் மூக்கில் வைத்து
வில்லைகளை ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
மைனஸ் இரண்டு. மூன்று. மூன்றே கால்.
அட்டையைப் பார் என்றால்
அவன் அதற்கப்பால் யானை வேலியைப் பார்த்தான்.
“மிஸ், கம்பி நாலு ஓடுது.”
முந்தி எத்தினை?
“முந்தி கட்டை மட்டும்தான்.”
தினமும் அந்தக் கரையால்தான் வீட்டுக்கு நடக்கிறான்.

பிறகு அதைக் கழற்றினேன்.
என்னிடம் இருப்பது ஒன்று, இன்னும் ஆறு பேர் மிச்சம்.
அவன் தடுக்கவில்லை, அழவில்லை.
முகத்தை மட்டும் சட்டகத்தோடு கூடவே
கொஞ்சத் தூரம் கொண்டுவந்தான்.

ஆறு கிழமை என்றேன். ஒன்பதானது.
பிறகு மழை, பிறகு வானுக்கு டயர்.
மாசியில் போனபோது பதினாறு பிள்ளைகள்.
தகப்பன் புல்மோட்டைப் பக்கம் வாடி போட்டு
குடும்பத்தோடு கரைவலைக்குப் போய்விட்டாராம்.
தந்த இலக்கம் பாவனையில் இல்லை.

கண்ணாடி என் பையில் கிடக்கிறது.
ஒருநாள் உட்துறைமுக வீதியில் நின்று போட்டுப் பார்த்தேன்.
கப்பல், மாடு, மான், பஸ் எல்லாம்
சுருங்கி வளைந்து தள்ளி நின்றன.
அவனுக்குத் தெரிவது இப்படியல்ல.
எனக்கு அது தெரியவே போவதில்லை.
இந்த வில்லை எனக்கும் உதவாது, நஸ்மிக்கும் உதவாது,
இந்த மாவட்டத்தில் வேறெவருக்கும் உதவாது.

இப்போது பிள்ளைக்குப் பிள்ளை
அட்டையைத் திருப்பிக் கட்டுகிறேன். நேரம் போகிறது.
வியாழக்கிழமை புல்மோட்டையில் இரண்டு பள்ளிக்கூடம்.
வலை இழுக்கிற இடமெல்லாம் நிப்பாட்டிக் கேப்பம் என்கிறான் நஸ்மி,
டீசல் கணக்கைத் தான் பார்த்துக்கொள்வானாம்.

காதுக்குப் பின்னால் வளையும் அந்தக் கம்பி
இந்த வருசத்துக்குத்தான் காணும்.
பெடியன் வளர்ந்துகொண்டிருக்கிறான்.