நட்சத்திரக் குறி

எம்.சி.எச்.சி நாற்பத்தேழு என்றது இயந்திரம்.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி,
தனக்கே நம்பிக்கை இல்லாததுபோல.

அப்படி இருக்க முடியாது.
ஒரு சிவப்பணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபின்
அடையும் என்பதற்குக் கணக்கு உண்டு:
முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு,
மிஞ்சிப் போனால் முப்பத்தாறு சொச்சம்.
அதற்குமேல் திணித்தால் அது அணு அல்ல,
ஜூமாபெக்கின் மினிபஸ்.

அந்த மினிபஸ்ஸில்தான் வந்தது குழாய்,
அத்-பாஷியிலிருந்து நரின் வரை
கண்ணாடி உடைந்த சன்னலோரம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால்:
அனார்குல், ஐம்பத்தெட்டு, களைப்பு,
பால்வாளியைத் தொட்டால் விரல் நீலம்.

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
குழாயின் சுவரில் மணல் மணலாய் இரத்தம்.

குளிர் கண்ட ஆட்டுமந்தை இப்படித்தான்,
ஒன்றின் வயிற்றில் ஒன்று முகம் புதைத்து
நூறும் ஒன்றாய் நிற்கும்.
எண்ண வந்த இயந்திரம்
கும்பலை ஓர் ஆடு என்று எழுதிக்கொண்டது.
தாளில் ஆடுகள் குறைந்துபோயின;
கம்பளியின் எடை குறையவில்லை.
வகுத்தால் வேறென்ன வரும்?

வெந்நீர்த் தொட்டி நவம்பரிலேயே செத்துவிட்டது.
பிஷ்கெக்குக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று.
குழாயின் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.
ஏறக்குறைய முப்பத்தேழு பாகை,
மின்வெட்டு கிடையாது.

அரை மணி நேரம்
இடது கையால் தேநீர்,
இடது கையால் பதிவேடு.
முகம் தெரியாத ஒருத்தியின் இரத்தம்
என் விலாவில் முதலில் சுருக்கென்று,
பிறகு அங்கிருப்பதே மறந்துபோய்.
கதவைத் தள்ளிய டாக்டர் கேட்டார்,
"பூபூசரா, தோள்பட்டை வலியா?"
"விருந்தாளி," என்றேன்.

மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, ஆறும் முன் ஓட்டினேன்.
முப்பத்துமூன்று புள்ளி எட்டு.
நட்சத்திரம் இல்லை.

அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்,
மேல் வரியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று.
முதல் ஓட்டத்திலும் அதேதான்;
நாற்பத்தேழு போட்ட கூச்சலில்
எனக்குத்தான் காதில் விழவில்லை.

அறிக்கையின் அடியில் எழுதினேன்:
மாதிரி சூடாக்கப்பட்டு மீண்டும் எடுக்கப்பட்டது.
குளிரில் ஒட்டும் இரத்தமாக இருக்கலாம்,
மேற்கொண்டு சோதனைகள் தேவை.
நோயாளியை நேரில் வரச் சொல்லவும்.

அதன்கீழே, ஜூமாபெக் படிப்பதற்காக:
கையுறையோடு.
முன் இருக்கையில், ஹீட்டர் பக்கம்.